ஆந்தையா, அலெக்சாந்தரா: முதலில் வாங்க வேண்டிய கிரேக்கக் காசு எது?

பழங்கிரேக்கக் காசு ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள். ஒன்று ஏதென்ஸின் ஆந்தைக் காசு, மற்றது அலெக்சாந்தர் பெயர் பொறித்த காசு. இரண்டுமே வெள்ளி டெட்ராடிராக்ம், அதாவது நான்கு டிராக்மா (பழங்கிரேக்க நாணய அலகு) மதிப்புள்ள காசு. ஏதென்ஸின் எடைமுறையையே அலெக்சாந்தரும் எடுத்துக்கொண்டதால் இரண்டும் ஏறத்தாழ 17.2 கிராம்தான்.

அழகில் ஆந்தைக்கே முதலிடம். முன்பக்கம் தலைக்கவசம் அணிந்த அதீனா தெய்வம். முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், கண் மட்டும் நேராக நம்மைப் பார்க்கும். சிற்பிகள் அந்தப் பழைய பாணியைக் கைவிட்ட பிறகும் காசில் அது நெடுங்காலம் நீடித்தது. பின்பக்கம் ஆந்தை, ஒலிவக் கொப்பு, பிறை, ஊர்ப்பெயரின் மூன்று எழுத்துகள். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏதென்ஸின் லாரியன் சுரங்க வெள்ளியில் இதை ஏராளமாக அடித்தார்கள். வெள்ளித் துண்டு தடிமனாகவும் சிறியதாகவும் இருந்ததால் கவசத்தின் கொண்டை பல காசுகளில் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. கொண்டை முழுதாக விழுந்திருந்தால் அதற்குத் தனி விலை.

ஆந்தைகள் பலவற்றில் ஆழமான உளிவெட்டு இருக்கும். அதைக் குறை என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. செம்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக்காசுகள் அன்றே புழங்கின. உள்ளே என்ன உலோகம் என்று பார்க்கத்தான் வெட்டினார்கள். கி.மு. 375/4இல் ஏதென்ஸ் போட்ட சட்டம் ஒன்று, சந்தையில் உட்கார்ந்திருக்கும் பரிசோதகர் செம்போ ஈயமோ வைத்த காசைக் கண்டால் உடனே வெட்ட வேண்டும் என்கிறது. அந்தக் கல்வெட்டு 1970இல் ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவில் நடந்த அகழாய்வில் கிடைத்தது. வெட்டுப்பட்ட ஆந்தை விலையும் குறைவு, கள்ளக்காசு அல்ல என்பதற்குப் பழைய சாட்சியும் அதிலேயே இருக்கிறது.

ஆனால் படிக்க வேண்டும், தேட வேண்டும் என்பவருக்கு என் ஓட்டு அலெக்சாந்தருக்குத்தான். முன்பக்கம் சிங்கத்தோல் போர்த்திய புராண வீரன் ஹெராக்ளீஸ், பின்பக்கம் அரியணையில் கழுகோடு தெய்வங்களின் அரசன் சீயஸ். மாசிடோனியாவின் ஆம்பிபொலிஸ் முதல் பாபிலோன் வரை பல நகரங்களில் அடித்தார்கள். அலெக்சாந்தர் இறந்து 200 ஆண்டு கடந்தும் கருங்கடல் கரை நகரங்கள் நிறுத்தவில்லை. அரியணைக்கு அடியிலும் சீயஸின் முன்னாலும் உள்ள சின்னக் குறிகளைக் கொண்டு நகரத்தையும் காலத்தையும் கண்டுபிடிக்கலாம். சீயஸின் கால்கள் இணையாக இருந்தால் பெரும்பாலும் முற்காலக் காசு; ஒரு கால் பின்னுக்கு இழுத்திருந்தால் பெரும்பாலும் பிற்காலம்.

இந்த அறிவெல்லாம் புதையல்கள் கொடுத்தது. எகிப்தின் தமன்ஹூரில் 1905இல் 8,000க்கும் மேற்பட்ட அலெக்சாந்தர் டெட்ராடிராக்ம்கள் ஒரே புதையலில் கிடைத்தன. அவை விற்பனையில் சிதறினாலும், அமெரிக்க நாணய ஆய்வாளர் எட்வர்ட் நியூவெல் பல ஆயிரத்தைத் தேடிப் பார்த்து, காசு அடித்த அச்சுகளை ஒப்பிட்டு, எந்த ஊர் எந்த வரிசை என்று ஒழுங்குபடுத்தினார். புதைத்தது கி.மு. 318 வாக்கில் என்றும் கணித்தார்.

துருக்கியின் எல்மாலி அருகே 1984இல் எடுத்த புதையலின் கதை வேறு. சுமார் 1,900 வெள்ளிக்காசுகள். அவற்றில் மிக அரிதான ஏதென்ஸ் பத்து டிராக்மா காசுகள் ஒரு டஜனுக்கும் மேல். கள்ளத்தனமாக வெளியேறி, பெரும்பகுதி அமெரிக்க முதலீட்டாளர்கள் கைக்குப் போனது. துருக்கி வழக்குத் தொடர்ந்து 1999இல்தான் மீட்டது. என்ன பாத்திரத்தில், எந்த அடுக்கில் இருந்தன என்ற விவரம் மண்ணோடு போனது போனதுதான்.

ஆகவே எதை வாங்கினாலும், எந்தப் பழைய ஏலப் பட்டியலில் இந்தக் காசின் படம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பதில் இல்லையென்றால், எவ்வளவு அழகான ஆந்தையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இந்தியாவில் நூறு வயது தாண்டிய காசு சட்டப்படி தொல்பொருள்; தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

டெட்ராடிராக்முக்குப் பணம் போதவில்லையென்றால், ஆசியா மைனரில் (இன்றைய துருக்கி) அடித்த அலெக்சாந்தர் டிராக்மா இருக்கிறது. 4.3 கிராம்தான், ஆனால் அதே ஹெராக்ளீஸ், அதே சீயஸ், அதே குறிகள்.