8 அங்குல டொப்சோனியன்: கன்னிக் கொத்துக்கு இது போதும்

காரைநகர் கசூரினாக் கரையில், நிலா இல்லாத ஏப்ரல் இரவுகளில் இந்தத் தொலைநோக்கியை (8 அங்குல ஆடி, கையால் இடவலமாகவும் மேல்கீழாகவும் திருப்பும் எளிய தாங்கி) பாவித்தேன். வாங்கலாம். கன்னிக் கொத்து என்னும் விண்மீன் மண்டலக் கூட்டத்தில் உள்ள எம்87 மண்டலம் மங்கலான உருண்டைப் புகையாய்த் தெரிகிறது, நடுவில் கொஞ்சம் பிரகாசம். 2019இல் படம் வெளியான, 650 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை அதற்குள்தான் இருக்கிறது. அந்தக் கருந்துளைப் பக்கமிருந்து பீச்சிப் பாயும் துகள் தாரை இந்தத் தொலைநோக்கியில் தெரியாது. சரி, குழாயைச் சற்று வடமேற்கே நகர்த்துங்கள்: எம்84, எம்86 என்ற இரு மண்டலங்களும் ஒன்றாகவே பார்வைக்குள் வரும். எம்87 போல ரேடியோ அலைகளை வலுவாக வீசும் விண்மீன் மண்டலங்கள் சில இப்படி நெரிசலான கொத்துகளில் இருக்கும்; அந்த நெரிசலை அங்கே கண்ணாலேயே உணரலாம். எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

குறை ஒன்று. எங்கள் ஊரில் கன்னிக் கொத்து உச்சிக்கே வந்துவிடும். அங்கே இந்தத் தாங்கியைத் திருப்புவது பெரிய கரைச்சல். இரவு ஒன்பது மணிபோல, கிழக்கில் ஏறும்போதே பார்த்துவிடுங்கள்.