ஜோடெல் டி.11, பியெல் எமரோட்: வீட்டில் கட்டுவதற்கு எது?

போருக்குப் பிந்தைய பிரான்சில், தாங்களே விமானம் கட்ட விரும்பியவர்கள் தேர்ந்தெடுத்த இரட்டை இருக்கை மர விமானங்களில் இவ்விரண்டும் முதன்மையானவை. எதுவார் ஜொலி, ஜான் தெலெமோன்தேஸ் ஆகியோரின் ஜோடெல் டி.11 1950இலும், குளோத் பியெலின் எமரோட் 1954இலும் முதன்முதலில் பறந்தன. இரண்டிலும் இருவர் பக்கத்தில் பக்கமாக அமர்கின்றனர்; இரண்டும் ஸ்ப்ரூஸ் மரம், ஒட்டுப்பலகை, துணிப்போர்வை ஆகியவற்றால் ஆனவை.

உண்மையான வேறுபாடு இறக்கையில் இருக்கிறது. ஜோடெலின் இறக்கை நடுப்பகுதியில் தட்டையாகவும் ஒரே அகலத்திலும் அமைந்து, வெளிப்பகுதியில் மட்டும் குறுகி மேல்நோக்கி உயர்வதால், நடுப்பகுதியின் விலாச்சட்டங்களை (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களை) ஒரே அச்சில் வைத்து ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிடலாம். எமரோட்டின் வெளி இறக்கையோ நீள்வட்ட விளிம்புடையது. அங்கே ஒவ்வொரு விலாவும் வேறு அளவு என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனியே வரைந்து, தனியே அறுத்து, தனியே பொருத்த வேண்டும். அந்த உழைப்புக்கு ஈடாக அது தரும் அழகு, என் கண்ணுக்கு, இணையற்றது.

டி.11இன் ஒரு வகையான ஜோடெல் டி.112க்கு 65 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின் போதும்; அதில் ஃபிளாப் (மெதுவாக இறங்க உதவும், இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகை) இல்லை, ஆகவே கட்ட வேண்டிய பாகமும் குறைவு. எமரோட்டின் சிபி.301 வகைக்கு 90 குதிரைத்திறன் எஞ்சினும் ஃபிளாப்களும் உண்டு. பின்னாளில் சாகசப் பறப்புக்குப் புகழ்பெற்ற காப் 10 விமானம் எமரோட் வழிவந்ததே.

இரண்டிலும் இறக்கை ஒரே துண்டாக, ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளத்தில் உருவாகிறது; பட்டறையை முதலில் அளந்துகொள்ள வேண்டும். முதன்முறை கட்டுபவருக்கு நான் தயங்காமல் ஜோடெலையே பரிந்துரைப்பேன். மரவேலையில் கை தேர்ந்தவர், பொறுமையும் உள்ளவர், எமரோட்டைத் தேர்ந்தெடுக்கலாம்.