ஆறு கிரேட்டுகளில் எலி வளர்ப்பு: வீட்டில் செய்த அடுக்குக் கூண்டின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் அடுக்ககத்தில், சமையலறையை ஒட்டித் துணி துவைப்பதற்கென விடப்பட்ட சிறிய இடத்தின் ஒரு சுவரோரமாக, வெள்ளை எலிகளையும், தலையும் முதுகுக்கோடும் மட்டும் கறுத்திருக்கும் ‘ஹூடட்’ வகை எலிகளையும் சில ஆண்டுகளாக வளர்த்து இனப்பெருக்கம் செய்து வருகிறேன். அவை வசிக்கும் அடுக்குக் கூண்டு கடையில் வாங்கியதன்று. துளையிட்ட இரும்பு ஆங்கிள்களையும், பேக்கரிகளிலும் மீன் விற்பனையிலும் பயன்படும் முழுச்சுவர் பிளாஸ்டிக் கிரேட்டுகளையும், அரை அங்குலக் கட்டமுள்ள வெல்டு மெஷ் என்ற கம்பிவலையையும் கொண்டு செய்தது. ஏறத்தாழ 90 செ.மீ. அகலம், 65 செ.மீ. ஆழம், 150 செ.மீ. உயரம். ஒரு அடுக்குக்கு இரண்டு கிரேட்டுகளாக மூன்று அடுக்குகள், ஆக மொத்தம் ஆறு கிரேட்டுகள்.

இடம் குறைந்தவர்கள் இத்தகைய அமைப்பைத் திட்டமிடும்போது எத்தனை அடுக்குகள் ஏற்றலாம் என்றுதான் முதலில் கணக்கிடுவார்கள். உயரம் குறைந்த கிரேட்டுகளை வாங்கினால் இதே சட்டத்தில் ஐந்து அடுக்குகள் வரை அடக்கலாம். அப்படிச் செய்யாமல் 600 × 400 மி.மீ. அளவும் 325 மி.மீ. உயரமும் கொண்ட கிரேட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண் வெற்றிடம் விட்டதே இக்கூண்டின் பெரிய பலம் என்று இன்றும் நினைக்கிறேன். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 2011ஆம் ஆண்டு ஆய்வக விலங்கு வழிகாட்டி, குட்டிகளுடன் இருக்கும் தாய் எலிக்கு 800 சதுர செ.மீ. தரைப்பரப்பையும் 17.8 செ.மீ. உயரத்தையும் குறைந்தபட்ச அளவாகச் சொல்கிறது. என் கிரேட்டின் உட்தரை சுமார் 2,000 சதுர செ.மீ. இருப்பதால் பரப்பில் தாராளம் உண்டு. உயரத்தைப் பொறுத்தவரை அந்தக் குறைந்தபட்ச அளவு எனக்கு உடன்பாடானதன்று. வளர்ந்த ஆண் எலி பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து மோப்பம் பிடிப்பதைப் பார்த்த எவருக்கும் அது போதாது என்பது புரியும்.

கிரேட்டு வாங்கும்போது கவனிக்க வேண்டியது அதன் கைப்பிடி. பெரும்பாலான கிரேட்டுகளில் கைப்பிடிக்காகப் பக்கவாட்டில் ஓட்டை இருக்கும், அந்த ஓட்டையின் விளிம்புதான் எலி கடிக்கத் தொடங்கும் இடம். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் கடிப்பதை நிறுத்த முடியாது, ஆனால் பல் பதிய ஒரு விளிம்பு கிடைக்காவிட்டால் வழவழப்பான சுவரை அதனால் ஒன்றும் செய்ய இயலாது. ஆகவே மூடிய கைப்பிடியுள்ள கிரேட்டுகளே ஏற்றவை. ஒளி ஊடுருவாத அடர்நிறத்தில் வாங்குவது நல்லது, ஏனெனில் நிறமியற்ற வெள்ளை எலிகளின் கண்கள் தொடர்ந்த வெளிச்சத்தைத் தாங்குவதில்லை. காயலான் கடையில் பழைய கிரேட்டு மலிவாகக் கிடைக்கும் என்றாலும், முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரியாமல் வாங்குவதை நான் தவிர்க்கிறேன்.

கிரேட்டுகளுக்குத் தனி மூடி கிடையாது. ஆங்கிள் தண்டவாளத்தின் மீது மேசை இழுப்பறை போல் உள்ளே தள்ளினால், சட்டத்தோடு இறுகப் பொருத்திய வெல்டு மெஷ் கூரை கிரேட்டின் வாய்க்கு மேல் வந்து நிற்கும். இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மண்டை ஓடு நுழையும் இடத்தில் எலியின் உடலும் நுழையும் என்பது வளர்ப்பவர்கள் அனைவரும் அறிந்த விதி. பால் மறந்த குட்டிக்கு விரல் நுழையும் சந்தே தாராளமான வாசல். சட்டம் சிறிது கோணினாலும் இந்த இடைவெளி மாறிவிடும் என்பதால், பின்பக்கத்தில் குறுக்குப் பட்டை வைத்து முடுக்குவது அவசியம். மரச்சட்டமோ பிளைவுட்டோ பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. சிறுநீரை ஒருமுறை உறிஞ்சிய பிளைவுட்டின் நாற்றம் எந்தக் கழுவலுக்கும் போவதில்லை.

தண்ணீருக்கு முதலில் பத்து லிட்டர் தொட்டியிலிருந்து குழாய் இழுத்து, ஒவ்வொரு கிரேட்டுக்கு மேலும் முயல் வளர்ப்பில் பயன்படும், முனையை நக்கினால் மட்டும் நீர் விடும் எவர்சில்வர் நிப்பிளைப் பொருத்தினேன். ஓர் எலி தன் உடல் எடையில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் நாளொன்றுக்கு 10 முதல் 12 மில்லி வரை குடிக்கும் என்பதால், தினமும் நிரப்பும் வேலை இதனால் மிச்சமாகிறது. குழாய் மெஷ்ஷுக்கு வெளியே இருந்து, நிப்பிளின் உலோக முனை மட்டும் உள்ளே நீண்டிருந்தால் கடிபடும் அச்சமும் இல்லை. இந்த ஏற்பாட்டைக் காலப்போக்கில் கெடுப்பது நம்மூர்ப் போர்வெல் தண்ணீர். உப்பு படிந்து நிப்பிள் ஒன்று அடைத்துக்கொள்ளும், அல்லது முழுதாக மூடாமல் சொட்டத் தொடங்கும். இரண்டில் அடைத்துக்கொள்வதே அதிக ஆபத்தானது, ஏனெனில் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணீர் கிடைக்காத எலி தின்பதையும் குறைத்துவிடும் என்பதால், தீவனம் அப்படியே மிஞ்சியிருப்பதுதான் அதன் முதல் அறிகுறி. எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரில் ஊறவைத்துத் துலக்கினால் சரியாகிவிடும். சொட்டும் நிப்பிளோ இரவோடு இரவாகத் தொட்டி முழுவதையும் ஒரே கிரேட்டில் இறக்கிவிடும். பால்குடிக் குட்டிகள் உள்ள கிரேட்டில் அது நேர்ந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. இதற்காகவே ஈன்ற தாய்களின் கிரேட்டுகளை மட்டும் தொட்டியிலிருந்து துண்டித்து, தனித்தனிப் பாட்டில்களுக்கு மாற்றியிருக்கிறேன். பாட்டில் ஒழுகினாலும் அதில் உள்ள அளவுதான் ஒழுகும்.

படுக்கைப் பொருளாக உமி, மரச்சீவல், தேங்காய் நார்க்கழிவு, காகிதத் துண்டு ஆகிய நான்கையும் பயன்படுத்திப் பார்த்துள்ளேன். உமி மலிவு, ஆனால் ஈரத்தைக் குறைவாகவே உறிஞ்சும், சலிக்காமல் போட்டால் தூசி பறக்கும். நார்க்கழிவு நன்றாக உறிஞ்சும், உலர்ந்தால் பொடியாகி மூக்கில் ஏறும். மரக்கடைச் சீவலில் என்ன மரம் கலந்திருக்கிறது, என்ன மருந்து அடித்திருக்கிறார்கள் என்பது கடைக்காரருக்கே தெரியாது. இப்போது சலித்த உமியை அடியில் பரப்பி, கிழித்த பழுப்புக் காகிதத்தை மேலே போடுகிறேன்; தாய் எலிகள் அந்தக் காகிதத்தைக் கொண்டே கூடு கட்டிக்கொள்கின்றன. எதைப் போட்டாலும் வாரம் இருமுறை மாற்றியே ஆக வேண்டும். சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது எழும் அம்மோனியா காற்றில் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) அளவை எட்டினாலே, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியால் எலிகளிடம் பரவலாகக் காணப்படும் சுவாச நோய் தீவிரமாகிறது. கனமான அந்த வாயு ஆழமான கிரேட்டின் அடியில்தான் தேங்கும் என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையில் அம்மோனியா காற்றைவிட இலேசானது, மெஷ் கூரைக்கு மேல் காற்று ஓடினால் வெளியேறிவிடும். அடுக்குகளுக்கு இடையே விட்ட வெற்றிடம் பயன்படுவது இங்கேதான்.

எறும்பு நம்மூருக்கே உரிய தொல்லை. புதிதாகப் பிறந்த, கண் திறவாத, உரோமமற்ற குட்டிகளை எறும்புக் கூட்டம் மொய்த்தால் தாயால் காப்பாற்ற முடியாது. சட்டத்தின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, சட்டம் சுவரைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி வைத்தால் எறும்பு ஏறுவதில்லை. தண்ணீரின் மேல் சமையல் எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கட்டும், இல்லையேல் மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர் உங்கள் கிண்ணத்தில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்களைக் கண்டெடுப்பார். வீட்டு எலியும் பெருச்சாளியும் அணுகாதபடி கதவுக்கும் சன்னலுக்கும் வலை போடுவதும் இதே அளவு முக்கியம்; எலிக்காய்ச்சல் கிருமி அவற்றின் சிறுநீர் வழியாகவே வரும்.

கோடைதான் இக்கூண்டின் உண்மையான சோதனை. எலிக்கு வியர்வையில்லை, வாலின் வழியாகவும், உடம்பில் எச்சிலைப் பூசிக்கொண்டும்தான் வெப்பத்தைக் குறைக்கும். மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் வெப்ப வேறுபாடு கையால் தொட்டாலே உணரும்படி இருப்பதால், சினை எலிகளையும் தாய்களையும் எப்போதும் கீழ் அடுக்கில் வைக்கிறேன். துணி சுற்றிய பனிக்கட்டி பாட்டில்களும், நேராக மேலே படாமல் சுவரை நோக்கித் திருப்பிய மின்விசிறியும் ஓரளவு உதவும். ஏப்ரல் முதல் ஜூன் வரை இணை சேர்ப்பதே இல்லை. கடும் வெப்பத்தில் ஆண் எலிகளின் கருவளம் குறையும், ஈற்றும் சிறுக்கும். தாய்க்குத் துன்பம் மட்டுமே மிச்சம்.

கிரேட்டுகளை எப்படிப் பங்கிடுவது என்பதை எலிகளின் நாட்காட்டியே முடிவு செய்கிறது. சினைக்காலம் 21 முதல் 23 நாள். ஓர் ஈற்றில் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள். ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் மீண்டும் சினைப்படக் கூடியவள் என்பதால், பிரசவத்துக்கு முன்பே ஆணைப் பிரித்துவிட வேண்டும். மூன்று வாரத்தில் பால் மறக்கும் குட்டிகள் ஐந்து வாரத்துக்குள் தாமே இனம்பெருக்கும் நிலையை அடைவதால், அதற்கு முன் ஆண், பெண் பிரிப்பும் தவறக் கூடாது. இதன்படி ஒரு கிரேட்டு ஓர் ஆணும் இரு பெண்களும் சேரும் குடும்பத்துக்கு, இரண்டு தாய்களுக்கு, வளரும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒவ்வொன்று. ஆறாவது கிரேட்டு எப்போதும் காலியாகக் கழுவிக் காய்ந்திருக்கும். சுத்தம் செய்யும்போது எலிகளை மாற்றவும், சண்டையிட்டவற்றைப் பிரிக்கவும் அந்தக் காலி கிரேட்டு இல்லாமல் முடியாது. அதையும் நிரப்பினால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒழுங்கு ஒரு வாரத்தில் குலைந்துவிடும். எனவே ஆறு கிரேட்டு என்றால் ஒரே நேரத்தில் இரண்டு ஈற்றுகள், அதற்கு மேல் இல்லை. அந்த ஏறத்தாழ இருபது குட்டிகளை யாரிடம் கொடுக்கப் போகிறோம் என்பது இணை சேர்ப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இரவில் கிரேட்டுகள் தண்டவாளத்தில் அதிரும் சத்தம் கீழ்வீடு வரை கேட்கும். ஆங்கிளின் மேல் ரப்பர் பட்டை ஒட்டியபின் குறைந்தது. கிரேட்டின் அடியில் படியும் வெண்ணிறச் சிறுநீர்க் கறை வினிகரில் ஊறினால் கரைகிறது. கீறல் விழுந்த பழைய கிரேட்டுகளில் நாற்றம் தங்குவதால் அவற்றை அவ்வப்போது மாற்றியிருக்கிறேன். நிப்பிள் சொட்டும் மூலைகளில் மெஷ் துருப்பிடிக்கிறது. முழுக் கூரையையும் கழற்றாமல் அந்த மூலையை மட்டும் வெட்டிப் புதிய துண்டைப் போல்ட்டால் முடுக்கும்படி முதலிலேயே அமைத்துக்கொண்டால் வேலை எளிது. இரும்புச் சட்டம் மட்டும் செய்தபடியே, ஒரு திருகாணிகூட மாற்றாமல் நிற்கிறது.