தைக்காமல் துணிப் பரங்கி: ரப்பர் பேண்டா, டாய்லெட் ரோலா?

கனடாவில் அக்டோபர் இரண்டாவது திங்கள் தேங்க்ஸ்கிவிங், மாதக் கடைசியில் ஹாலோவீன். எங்கள் மிசிசாகா அடுக்குமாடியில் அந்த மாதம் முழுக்கக் கதவுக்குக் கதவு பரங்கிதான். என்னிடம் தையல் மெஷின் கிடையாது. நான்கு வருடத்தில் மூன்று விதமாகத் துணிப் பரங்கி செய்து பார்த்தேன். இப்போது டாய்லெட் ரோலைச் சுற்றிச் செய்வது மட்டும்தான்.

நிஜப் பரங்கியை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அறுக்காமல் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் இரண்டு மாதமாவது தாங்கும். முகம் செதுக்கினால் ஒரு வாரத்தில் தொய்ந்து பூஞ்சை பிடித்துவிடும். தோழி வீட்டு வாசலில் வைத்ததை அணில்கள் குடைந்தே தீர்த்துவிட்டன.

தெர்மாகோல் பரங்கி: பந்தில் கத்தியால் கீறல் போட்டு, துணியின் ஓரங்களைக் கீறலுக்குள் செருகுவது. பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் கீறும்போது துகள் வீடெங்கும் பறக்கும். சூடு அதிகமான குளூ கன் பட்டால் தெர்மாகோல் உருகிக் குழியாகும். நான் செய்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு பருவம்தான் வைத்திருந்தேன். நன்றாகப் பழகிய கைக்கு இது இன்னும் சுலபமாக வரலாம்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். 18 அங்குல வட்டமாகத் துணி வெட்டி, நடுவில் பாலியஸ்டர் பஞ்சை அடைத்து, வாயை ரப்பர் பேண்டால் இறுக்கினால் உருண்டை. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நான்கு பேண்ட் மாட்டினால் எட்டுப் பள்ளம் விழும். அசல் பரங்கியின் வரிகள் இதில்தான் வரும். அழகு என்று கேட்டால் முதல் பரிசு இதற்கே.

ஆனால் பரங்கி நம்மோடு இருப்பது இரண்டு மாதம், பெட்டிக்குள் இருப்பது பத்து மாதம். எங்களுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன லாக்கர். கொலுப் பொம்மைகளே அதில் முக்கால் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூன்று பஞ்சுப் பரங்கிக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி வேண்டியிருந்தது. அதையும் மரப்பாச்சிக்கும் செட்டியாருக்கும் நடுவே திணித்து வைத்தேன். மறு செப்டம்பரில் கொலுவுக்காக லாக்கரைத் திறந்து பார்த்தால், ரப்பர் பேண்டெல்லாம் காய்ந்து விண்டுபோய், சிலது துணியில் பிசுபிசுவென்று ஒட்டி, பழுப்புக் கோடு விழுந்திருந்தது. ரப்பர் காற்றுப் பட்டுக் கெடும் பொருள். பத்து மாதம் இழுபட்ட நிலையில் இருந்தால் அப்படித்தான் ஆகும்.

டாய்லெட் ரோலில் இந்தப் பேச்சே இல்லை. அம்மாவின் பழைய ஆரஞ்சு நிறச் சுங்குடிச் சேலையில் 22 அங்குலச் சதுரமாகக் கிழித்துக்கொண்டேன். சேலை அகலம் பொதுவாக 45 அங்குலம் இருக்கும் என்பதால் குறுக்கே இரண்டு துண்டு கிடைக்கும். துணியின் நடுவில் பேப்பரோடு முழு ரோலை நிற்க வைத்து, சுற்றிலும் கொஞ்சம் பஞ்சை அணைத்துக் கொடுங்கள். நான்கு மூலைகளை மட்டும் முதலில் உள்பக்கமாக மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மூலைத்துணி நீண்டு ரோலின் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். அப்புறம் ஓரத்தைக் கொசுவம் வைப்பதுபோல் சிறிது சிறிதாகப் பிடித்து ஓட்டைக்குள் செருகிக்கொண்டே வர வேண்டும். காம்புக்கு ஒரு நீள இலவங்கப்பட்டைக் குச்சி, பக்கத்தில் பச்சை ஃபெல்ட் துணி இலை. பத்து நிமிட வேலை. பசை வேண்டாம், ரப்பரும் வேண்டாம்.

நவம்பரில் எல்லாவற்றையும் உருவிவிடுவேன். துணி கையால் அலசி மடித்து ஒரு உறைக்குள் போகும். பஞ்சு தலையணைக்குள், ரோல் குளியலறைக்கு. ஆறு பரங்கி சேர்ந்து ஒரு தாம்பாளத்தின் அடியில் அடங்கிவிடுகிறது. அம்மாவின் சேலைத் துண்டுகளும் கிழித்த ஓரம் தவிர அப்படியே இருக்கின்றன. தைக்காத துணி என்பதால் அலசும்போது நூல் பிரியத்தான் செய்யும். மூன்று வருடத்தில் ஓரத்தில் அரை அங்குலம் போயிருக்கலாம்.

குறை உண்டு. பள்ளங்கள் ரப்பர் பேண்ட் பரங்கியில் விழுவதுபோல் ஆழமாக விழாது, உச்சி சற்றுத் தட்டையாக இருக்கும். கனமான துணியை ஓட்டை ஏற்காது. பருத்தியில் மட்டுமே செய்திருக்கிறேன். பட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வருமோ என்ற சந்தேகத்தில் தொடவில்லை.

கராஜும் அலமாரியும் உள்ள தனி வீட்டில் இருக்கிறீர்களா? பஞ்சுப் பரங்கியையே தாராளமாகச் செய்யுங்கள். பள்ளத்துக்கும் வாய்க்கட்டுக்கும் ரப்பருக்குப் பதில் சணல் கயிறு கட்டினால் போதும்.