கிண்ணியா ஆற்று மணல்: மூன்று கியூப் வாங்கிய அனுபவம்

சமையலறையைப் பெருப்பிப்பதற்காகச் சென்ற ஆவணியில் கியூப் கணக்கில் (ஒரு கியூப் நூறு கன அடி) மணல் வாங்கினேன். வீடு திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குப் பக்கத்தில். கடல் மணல் கலந்து பூசிய சுவர்களில் உப்புப் பூத்துக் கம்பி துருவேறியிருப்பதை என் அயலிலேயே பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும் முதலில் ஒரு தரகரிடம் ஏமாந்தேன். அவர் இறக்கிய மணலில் எங்கள் மேசன் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். உடனே துப்பிவிட்டு, "இது வேண்டாம் டீச்சர்" என்றார். கொடுத்த பணம் திரும்பவில்லை.

பிறகு மேசனின் சொல்லைக் கேட்டு, மகாவலிக் கரையில் கையால் மணல் அள்ளும் ஐந்து பேரைத் தேடிக் கிண்ணியாவுக்குப் போனேன். பாதை என்னும் மிதவைப் படகில் ஏறிக் கடந்த காலம் போய், 2009இல் திறந்த பாலத்தால் பஸ்ஸிலேயே போய்விட முடிகிறது.

மணல் நன்று. சோடாப் போத்தலில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி ஓர் இரவு வைத்தேன். காலையில் மேலே படிந்திருந்த சேறு நூல் கனம்தான். கொங்கிரீட்டுக்கு அப்படியே போட்டோம், பூச்சுக்கு மட்டும் அரித்தோம். குறை என்றால் இரண்டு. ஈரத்தோடு வந்ததால் காய்ந்தபின் குவியல் கொஞ்சம் இறங்கிவிட்டது. சொன்ன நாளுக்கு நான்கு நாள் பிந்தியும் வந்தது.

அந்த நான்கு நாளுக்காக அவர்களோடு கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருள் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாமல் அள்ளவும் ஏற்றவும் முடியாது. ஆற்றைக் காக்க அது தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2019 டிசெம்பரில் மணல் ஏற்றும் அனுமதிப்பத்திரத்தை அரசாங்கம் நீக்கியபோது, இரவிரவாக டிப்பர்கள் ஓடியதை அந்தக் கரையில் இருப்பவர்களே வேதனையோடு சொன்னார்கள். ஆனால் அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கான செலவும் அலைச்சலும் இவர்களால் தாங்கக்கூடியவை அல்ல. ஆகவே அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் வேறொருவரின் பெயரில் அள்ளுகிறார்கள். அவர் தாளைக் கொடுக்கும் நாளில்தான் மணல் ஏற்றும் உழவு இயந்திரம் புறப்படும்.

குழுவில் மூத்தவரை நானா (அண்ணன்) என்றே கூப்பிட்டேன். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, சவளால் அள்ளி, தோணியை நிரப்பிக் கரைக்குத் தள்ளி வருகிறார்கள். முதலை இருக்கும் ஆறு. நான் ஒரு கியூப்புக்குக் கொடுத்ததில் எவ்வளவு கைக்கு வரும் என்று கேட்டேன்.

"அனுமதிக்காரருக்கு, உழவு இயந்திரத்துக்கு, எண்ணெய்க்கு எல்லாம் போக, நான்கில் ஒரு பங்கு வந்தால் நல்ல நாள், டீச்சர். அதையும் ஐந்தாகப் பிரிக்க வேண்டும்."

அவருடைய தம்பி இரண்டு வருடமாக இடுப்பு நோவோடு வீட்டில் கிடக்கிறார். ஊழியர் சேமலாப நிதி என்ற பேச்சே இந்தத் தொழிலில் இல்லை. ஐப்பசி பிறந்து மாரி இறங்கினால் ஆறு பெருகும், வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் மனைவியின் நகை ஈட்டுக்குப் போகும். தண்ணீர் வடிந்தபின் அள்ளும் முதல் மணல் அந்த வட்டிக்கே போகிறது. இவ்வளவு பாடுபடும் மனிதரைச் சிலர் "மண் கள்ளன்" என்று கூசாமல் சொல்வதைக் கேட்கையில் எனக்கு நெஞ்சு எரிகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு: அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் அளந்தே இறக்கச் சொல்லுங்கள். முடிந்தால் கரைக்கே போய், அள்ளியவரின் கையில் பணத்தைக் கொடுங்கள். நான் இரண்டாவது தடவை அப்படித்தான் செய்தேன். நானா எண்ணிப் பார்த்துவிட்டு, கூடுதலாக வந்த நூறு ரூபாயைத் திருப்பித் தந்தார்.

மதிலுக்கு இன்னும் ஒரு கியூப் வேண்டும். மாரிக்கு முன் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.