மான் தடமும் மண் தட்டும்

எங்கள் வீட்டு முகப்புச் சுவரில் ஒரு கடமான் தலை மாட்டியிருக்கிறது. ஐயா காலத்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அப்பச்சி அதற்குச் சான்றிதழ் வாங்கிப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார். விடுமுறைக்குக் காரைக்குடி வரும் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தத் தலைக்குக் கீழே நின்றுகொண்டு ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "சித்தப்பா, மான் வேட்டை நல்லா இருக்குமா, நீங்க போற தட்டு சுடுற போட்டி நல்லா இருக்குமா?" தட்டு என்று அவர்கள் சொல்வது காற்றில் எறிந்து துப்பாக்கியால் சுடும் மண் தட்டை. இரண்டையும் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சட்டம். நம் நாட்டில் மானை வேட்டையாடுவது குற்றம், சிறைக்குப் போக வேண்டியதுதான். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிக் கண்மாய்க்குக் கூடு கட்ட வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்தச் சீமையில் பிறந்துவிட்டு இங்கே மானைக் குறிவைக்க எனக்கு மனசு வராது. நான் சொல்லப்போகும் வேட்டை நடந்தது ஸ்காட்லாந்தில்.

ஆச்சியும் அயித்தானும், அதாவது அக்காவும் அவர் கணவரும், அங்கே இன்வர்னஸ் என்ற ஊரில் இருக்கிறார்கள். அந்த நாட்டில் ஓநாய் அழிந்து சில நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. செம்மானை அடித்துத் தின்ன வேறு விலங்கும் இல்லை. பெருகிப்போன கூட்டம், முளைத்து வரும் மரக்கன்றுகளை மேய்ந்து தீர்த்துவிடுகிறது. அதனால் ஆண்டுதோறும் இத்தனை என்று கணக்கு வைத்துச் சுட்டுக் குறைக்கிறார்கள். பெண் மானுக்கு அக்டோபர் 21-இலிருந்து பிப்ரவரி 15 வரை காலம். நாங்கள் போனது நவம்பரில்.

கூட்டிப்போகிறவரை அங்கே ஸ்டாக்கர் என்கிறார்கள். மலையேறுவதற்கு முன்னால் ஒரு குறிப்பலகையில் சுட்டுக் காட்டச் சொன்னார். கை சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கிளம்பினோம். அப்புறம் ஐந்து மணி நேரம் துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரவில்லை. தொலைநோக்கியை வைத்து ஒரு சரிவு முழுவதையும் அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். நடப்போம். ஒரு பிடி புல்லைப் பிய்த்து விடுவார், அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். காற்று நம் முதுகிலிருந்து அடித்தால் எல்லாம் போச்சு, ஒரு கிலோமீட்டர் சுற்றி மறுபடியும் வர வேண்டும். கடைசி இருநூறு மீட்டர் ஓடைக்குள் வயிற்றால் ஊர்ந்தோம். ஐஸ் தண்ணீர் சட்டைக் கையில் புகுந்து முழங்கை வரை ஏறியது. எதிரே பதினொரு மான்கள். அதில் எதைச் சுடுவது என்று முடிவு செய்தது நானில்லை. வயதாகி மெலிந்த ஒன்றை அவர்தான் காட்டினார்.

சுட்டேன், விழுந்தது. அவர் போய் ஒரு குச்சியால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். இமை அசையாவிட்டால்தான் உயிர் போனது உறுதி. அந்தக் கண்ணைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வருத்தமும் இல்லை, ஒரு பாரம் மட்டும் இருந்தது. அன்றைய நாளை இன்று வரை நினைத்து நினைத்து ரசிக்கிறேன். ஆனால் நினைவில் வருவதெல்லாம் காற்றும் புல்லும் ஓடைத் தண்ணீரும்தான். சுட்டது அந்த நாளில் ஒரு நொடி. அதை எடுத்துவிட்டாலும் அந்த நாள் அப்படியே இருக்கும்.

தட்டு சுடுவதில் கதையே வேறு. அங்கே அந்த ஒரு நொடியைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

பெயர்தான் களிமண் தட்டு. உண்மையில் சுண்ணாம்புக்கல் தூளோடு தார் மாதிரி ஒரு பொருளைச் சேர்த்து அச்சில் வார்த்தது. 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. டிராப் (Trap) என்ற போட்டியில் நமக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளம் இருக்கும், உள்ளே 15 எறியும் இயந்திரங்கள். நாம் நிற்கும் இடத்துக்கு நேரே மூன்று. "புல்" (ஆங்கில Pull) என்று குரல் கொடுத்ததும் மைக் அதைப் பிடித்து மூன்றில் ஒன்றை இயக்கும். எது என்று நமக்குத் தெரியாது. தட்டு இடப்பக்கம் பறக்கலாம், வலப்பக்கம் பறக்கலாம், நேரே போகலாம். விட்டால் 76 மீட்டர் போய் விழும். நாம் முடிவெடுக்க ஒரு நொடிகூட முழுதாகக் கிடைக்காது. தோட்டாவில் 24 கிராமுக்கு மேல் ரவை (சிறு குண்டுகள்) இருக்கக் கூடாது. தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு முறை சுடலாம், இறுதிச் சுற்றில் ஒன்றே ஒன்றுதான்.

முதல் நாள் 25 தட்டில் எட்டுதான் உடைத்தேன். பயிற்சியாளர் பின்னால் நின்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "கண்ணு தட்டுல, கன்னம் கட்டையில." கட்டை என்பது தோளில் பதிக்கும் துப்பாக்கியின் பின்பகுதி. நான் குழலின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழலைப் பார்த்தால் கை நின்றுவிடும், கை நின்றால் தட்டுக்குப் பின்னால் சுடுவோம். இதைப் புரிந்துகொள்ள ஒரு மணி நேரம் ஆனது. உடம்புக்குப் பழக இரண்டு வருடம் ஆனது. சரியாகப் பட்டால் தட்டு சில்லுகளாகத் தெறிக்காது, புகையாகக் கரைந்துவிடும். அந்தப் புகைக்காகத்தான் விடியுமுன் எழுந்து கார் ஓட்டிக்கொண்டு போகிறேன்.

ஸ்கீட் என்று இன்னொன்று உண்டு. இரண்டு கூண்டுகளிலிருந்து எப்போதும் ஒரே பாதையில் தட்டு வரும், நாம்தான் எட்டு இடங்களில் மாறி மாறி நிற்க வேண்டும். தட்டு கண்ணில் படும் வரை கட்டை இடுப்பருகே இருக்க வேண்டும். எனக்கு டிராப்தான் பிடித்திருக்கிறது. வருவது எது என்று தெரியாமல் காத்து நிற்பதில் ஒரு சுகம்.

நம் பக்கத்துக்கு இதில் பெருமையும் உண்டு. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான், 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் டிராப் அணித் தங்கம் வென்ற மூவரில் ஒருவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 2004-இல் ஏதென்சில் வெள்ளி வாங்கியது டபுள் டிராப்பில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு தட்டு பறக்கும் பிரிவில். அந்தப் பிரிவை இப்போது ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

செலவு என்று பார்த்தால் இரண்டுமே கையைக் கடிக்கும். ஆனால் ஸ்காட்லாந்து ஒரு தடவைச் செலவு. தட்டு, ஒவ்வொரு வாரமும் தோட்டாவாகக் கரையும் பணம். லைசென்ஸுக்கு அலைய வேண்டும், தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், போட்டி வீரர் என்ற கடிதத்தோடு போய் விலக்குக் கேட்க வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் தட்டுப் பக்கம் வர வேண்டாம்.

சரி, துப்பாக்கி இல்லாமல் மான் பின்னால் போக முடியாதா? முடியும். போன பிப்ரவரியில் கோடியக்கரை போனேன். காரைக்குடியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அங்கே இருப்பது வெளிமான். முறைப்படி பார்த்தால் அது மான் குடும்பமே இல்லை, கொம்பை உதிர்க்காத மாட்டுக் குடும்பம். ஆனால் அதற்கும் கண் கூர்மை, காற்றையும் பார்த்துத்தான் போக வேண்டும். வனக்காவலர் கூட வந்தார், அவர் காட்டிய தடத்தை விட்டு ஓர் அடி இறங்கவில்லை. பிய்த்துப் பார்க்கப் புல் இல்லாத உப்புத் தரையில் மடியிலிருந்த திருநீற்றை ஒரு சிட்டிகை எடுத்து விட்டேன். காற்று கடல் பக்கமிருந்து முகத்துக்கு நேரே வந்தது. முள்மரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டோம், ஒன்றரை மணி நேரம். முறுக்குக் கொம்போடு ஒரு கறுப்பு ஆண் தானாகவே மேய்ந்துகொண்டு நாற்பது அடிக்குள் வந்தது. கேமரா சத்தத்துக்கு ஒரு காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது, மேய்ச்சலை நிறுத்தவில்லை. ஸ்காட்லாந்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் அங்கே கிடைத்தது. அந்தப் பாரம் மட்டும் இல்லை.

ஆக, துப்பாக்கி மேல் ஆசை உள்ளவனுக்குத் தட்டு, மான் மேல் ஆசை உள்ளவனுக்குக் கேமரா. அண்ணன் பிள்ளைகளில் பெரியவன் கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்கிறவன், பந்து மட்டையில் படுவதற்குள் கை போய்விடும். அவனைப் பயிற்சியாளரிடம் கூட்டிப்போகப் போகிறேன். சின்னவன் ஊருணிப் படியில் மீன்கொத்தியைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்காருவான். அவன் பொங்கலுக்கு வரும்போது என்னோடு கோடியக்கரைக்கு. மான்களுக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும், நீலம் பளிச்சென்று தெரியும். அதனால் அந்த நீலச் சட்டையை மட்டும் எடுத்து வர வேண்டாம் என்று அண்ணியிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.