ஆறு ஆண்டும் ஒரு காற்றழுத்த ஈட்டித் துப்பாக்கியும்

பருத்தித்துறையில் அப்பு தூண்டில் போடும்போது பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவன் நான். அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை. அதனால்தானோ என்னவோ, பிழைக்க வந்த பலெர்மோவில் மூச்சடக்கி இறங்கி மீனைத் தேடிப் போகும் வேட்டையில் விழுந்துவிட்டேன். தூண்டிலைவிடப் பல மடங்கு பொறுமை கேட்கும் தொழில் இது என்பது பிறகுதான் தெரிந்தது.

இத்தாலியில் ரப்பர் பட்டையால் இயங்கும் துப்பாக்கியை 'அர்பலேதே' என்பார்கள். காற்றால் இயங்குவது 'ப்னேவுமாத்திகோ'. நான் வாங்கியது இரண்டாவது வகை. 2018 மே மாதம். நீளத்தைக் குறிக்கும் '70' என்ற எண் போட்டது, குழாயின் உள்விட்டம் 13 மில்லிமீட்டர், ஈட்டிக் கம்பி 8 மில்லிமீட்டர். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். நான் சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி என் கையால் வந்தவை. மீதி எந்த நிறுவனத்தின் துப்பாக்கிக்கும் வரக்கூடியவை.

உள்ளே இருப்பது அதிசயம் ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு குழாய், அதைச் சுற்றிக் காற்று அடைத்த அறை, குழாய்க்குள் ஒரு பிஸ்டன். ஈட்டியின் வால் பிஸ்டனில் இறுகப் பொருந்தும். ஈட்டியைப் பிடித்துப் பின்னோக்கி அழுத்தினால் பிஸ்டன் காற்றை மேலும் நெருக்கிக்கொண்டு போய், விசைக்கு மேலே உள்ள பல்லில் 'டக்' என்று மாட்டும். விசையை இழுத்தால் பல் விலகும், அடைபட்ட காற்று பிஸ்டனையும் ஈட்டியையும் முன்னே தள்ளும். சுடுவதால் காற்று செலவாவதில்லை. அதே காற்றுதான் பருவம் முழுவதும் வேலை செய்யும். இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் ஒவ்வொரு சூட்டுக்கும் காற்றடிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். என்னோடு கடலுக்கு வரும் அத்தானும் அப்படித்தான் கேட்டார்.

காற்றடிப்பது துப்பாக்கியின் பின்புறத்தில் திருகிப் பொருத்தும் கைப் பம்பால். என் துப்பாக்கிக்கு 20 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) வர ஏறக்குறைய 200 தடவை அடிக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 13 மில்லிமீட்டர் பிஸ்டனின் பரப்பு சுமார் 1.33 சதுர சென்டிமீட்டர். 20 பாரில் ஈட்டியை அழுத்தத் தொடங்கும்போதே 26 கிலோவுக்கு மேல் பாரம். பல் மாட்டும் இடத்தில் 30 கிலோவைத் தாண்டிவிடும். அதைக் கடலில், கைப்பிடியைப் புறங்காலில் ஊன்றி, நுனியில் செருகிய பிடியை இரண்டு கையாலும் அழுத்திச் செய்ய வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டும் நான் செய்த மடத்தனம், எல்லாக் குறைக்கும் காற்றையே மருந்தாக நினைத்தது. ஈட்டி மெதுவாகப் போகிறதா? இன்னும் 20 அடி. மீன் தப்பியதா? இன்னும் 30 அடி. 25 பார் வரை போனேன். அந்த அழுத்தத்தில் தொடக்கப் பாரமே 33 கிலோ. ஒரு தடவை சுட்டு, மறுபடி ஏற்றி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். மேற்பரப்பில் ஓய்வெடுக்க வேண்டிய நேரமெல்லாம் மல்லுக்கட்டிலேயே போகும். மூச்சடக்கி இறங்குகிறவனுக்கு இது சில்லறை விஷயம் அன்று. ஓய்வு போதாமல் மீண்டும் இறங்கினால், மேலே ஏறி வரும்போது மயக்கம் அடிக்கலாம். அத்தானும் நானும் ஒருவர் இறங்கினால் மற்றவர் மேலே இருந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டது, அப்படி ஒரு நாள் எனக்குக் கண் இருண்ட பிறகுதான்.

2020 ஒக்டோபரில் காப்போ சாஃபெரானோவின் பாறைகளுக்கு அருகே, 6 மீட்டர் ஆழத்தில், ஒரு ஸ்பீகொலா வந்தது. நம் ஊர்க் கொடுவாயின் வெளிநாட்டுச் சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மீட்டருக்கும் குறைவான தூரம், பக்கவாட்டில் நிற்கிறது. சுட்டேன். 'டொப்' என்று ஒரு கனத்த சத்தம். ஈட்டி போய்ச் சேர்வதற்குள் மீன் திரும்பி, வாலைக் காட்டிப் போய்விட்டது. 25 பார்!

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கிழவர் இருக்கிறார். இளமையில் இதே வேட்டை ஆடியவர். இங்கே வயதானவர்களை 'ட்சியோ', அதாவது மாமா என்று கூப்பிடும் வழக்கம் உண்டு. நமக்கு அது ஒட்டிக்கொள்ள நேரமெடுக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "காற்றைக் குறை சொல்லாதே மகனே. உன் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தாயா?"

யோசித்ததே இல்லை. பிஸ்டனுக்கு முன்னால் குழாய் நிறையத் தண்ணீர் இருக்கிறது. ஈட்டியைத் தள்ளும் அதே காற்றுதான் அவ்வளவு தண்ணீரையும் முகப்பின் சிறு துளைகள் வழியாக வெளியே பிதுக்க வேண்டும். காற்றைக் கூட்டினால் அந்தச் சண்டையும் சேர்ந்து கூடுகிறது; சத்தமும், கையில் உதையும் கூடுகின்றன. கனத்த 'டொப்' அந்தத் தண்ணீரின் சத்தம்.

தீர்வு, இங்கே 'சொத்தோவூவோத்தோ' என்று சொல்லும் வெற்றிட முகப்பு. ஈட்டியைச் சுற்றி இறுகப் பிடிக்கும் ஒரு ரப்பர் அடைப்பு அதில் இருக்கிறது. சுட்ட பிறகு பிஸ்டன் முகப்பில் வந்து நிற்பதால் குழாயில் தண்ணீருக்கு இடமில்லை. ஈட்டியைச் செருகி அழுத்தும்போது அடைப்பு தண்ணீரை உள்ளே விடாது. பிஸ்டனுக்கு முன்னால் வெறுமை உண்டாகிறது. சுடும்போது பிதுக்க எதுவும் இல்லை. 2021 வசந்தத்தில் மாற்றினேன். காற்றை 17 பாருக்கு இறக்கினேன். தொடக்கப் பாரம் 33 கிலோவிலிருந்து 23க்கும் கீழே வந்தது, ஈட்டியோ முன்னைவிட வேகமாகப் போகிறது. சத்தம் சுருக்கென்று வெட்டினாற்போல் இருக்கும். இரண்டு ஆண்டு வீணாய்க் காற்றடித்த கைகளை நினைத்து எனக்கே வெட்கம்.

வெற்றிட முகப்புக்கும் தன் குணம் உண்டு. ஈட்டிக் கம்பியில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அதன் வழியே தண்ணீர் கசிந்து வெற்றிடம் போய்விடும். பாறையில் மோதிய ஈட்டியை விரல் நகத்தால் தடவிப் பார்ப்பேன். நகம் இடறினால், மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிடுவேன். மீண்டும் அந்த 'டொப்' கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது காற்றை அல்ல, இந்த அடைப்பை.

துப்பாக்கியில் அளவுமானி கிடையாது. பிறகு அழுத்தத்தை எப்படித் தெரிந்துகொள்வது? குளியலறைத் தராசுதான். கூர்முனையைக் கழற்றிவிட்டு, ஈட்டியின் நுனியைத் தராசின் மேல் வைத்த மரத்துண்டில் ஊன்றி, துப்பாக்கியை நேராக நிறுத்தி அழுத்த வேண்டும். பிஸ்டன் அசையத் தொடங்கும் கணத்தில் தராசு காட்டும் கிலோவை 1.33ஆல் வகுத்தால் ஏறக்குறைய பார் கிடைக்கும். அசைந்ததும் நிறுத்திவிட வேண்டும். தரையில் நின்று பல் மாட்டும் வரை கொண்டுபோவது உயிரோடு விளையாடுவது. மனைவி இதைப் பார்த்துவிட்டு, தராசு இனி உனக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். சிசிலியின் ஆகஸ்டில் காரின் பின்பெட்டி அடுப்பாகிவிடும். 20 பாகையில் 20 பார் இருந்தது 50 பாகையில் 22ஐத் தாண்டும். ஆழத்தால் வரும் இழப்பு சிறிது. வெற்றிடம் இல்லாத துப்பாக்கியில் 10 மீட்டருக்கு ஒரு பார் குறையும், அவ்வளவே.

இனிக் கசிவு. இதில்தான் என் நாட்கள் போயின. மாதம் கழித்துத் தராசில் நிறுத்தும்போது இரண்டு மூன்று கிலோ குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. துப்பாக்கியைக் குளியல் தொட்டியில் முழுவதும் மூழ்கடித்து, மேலே ஒட்டிய குமிழிகளைத் துடைத்துவிட்டு, கால் மணி நேரம் பேசாமல் பாருங்கள். பின்புற வால்வில் குமிழி வந்தால் பெரும்பாலும் அழுக்கு. விசையின் ஊசியில் வந்தால் அங்குள்ள சிறு ஓ-ரிங், அதாவது காற்றை அடைக்கும் ரப்பர் வளையம். முகப்பிலிருந்து வந்தால் பிஸ்டனின் ஓ-ரிங். குழாயின் உள்ளே துணி சுற்றிய குச்சியை விட்டு எடுக்கும்போது எண்ணெய் ஒட்டினாலும் அதே தீர்ப்புதான், ஏனென்றால் எண்ணெய் பிஸ்டனுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

2022இல் பிஸ்டன் ஓ-ரிங் தேய்ந்தது. உரிய உதிரிப்பாகம் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு அவசரம். தண்ணீர்க் குழாய்ச் சாமான் விற்கும் ஒரு கடையில் அதே அளவில் ஒன்று கிடைத்தது, விலை சில காசுகள். போட்டேன். முதல் நாள் அருமை. பத்தாம் நாள் ஈட்டி, பாகில் விட்ட கரண்டி போல நகர்ந்தது. கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங் ஊறிப் பருத்துக் கிடந்தது. குழாய்க்குரிய அந்த ரப்பர் ஈ.பி.டி.எம். வகை, தண்ணீருக்கு நல்லது, கனிம எண்ணெயில் பருத்துவிடும். உள்ளே இருக்கும் எண்ணெய்க்குத் தாங்குவது நைட்ரைல் ரப்பர். கடைக்காரரில் பிழை இல்லை. அவர் கேட்டதைக் கொடுத்தார், நான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

கழற்றுவதற்கு முன் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வலு மாற்றும் நெம்புகோல் இருந்தால் அதை உச்சத்தில் வையுங்கள்; இல்லாவிட்டால் ஒரு பகுதியில் காற்று சிறைபட்டிருக்கலாம். பிறகு முகப்பு கீழும் பின்புறம் மேலும் இருக்கும்படி பிடித்து, துணியால் மூடி, வால்வின் ஊசியை அழுத்துங்கள். தலைகீழாகச் செய்தால் உள்ளிருக்கும் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். எங்கள் சமையலறைச் சுவரில் 2019இன் அடையாளம் இன்னும் இருக்கிறது.

பயந்தது ஒரே ஒரு தடவை. 2023 ஜூலையில் ஈட்டியை அழுத்தினேன். 'டக்' கேட்டது போல இருந்தது, ஆனால் வழக்கமான சத்தம் அன்று. கையை எடுத்தேன். ஈட்டி தானாகக் கிளம்பியது. தலையை ஒருபுறம் சாய்த்தே ஏற்றும் பழக்கத்தால் தோள்பட்டைக்கு மேலாகப் போனது. உள்ளங்கை மட்டும் கிழிந்தது. வீட்டில் திறந்தபோது, உள்ளே எண்ணெய் பால்போல் வெளுத்துக் குழைந்திருந்தது. பம்பால் அடிக்கும் காற்றோடு ஈரமும் உள்ளே போகிறது. கடற்கரையின் ஈரக் காற்றில், ஆண்டுக்கணக்கில், நானே இறைத்த தண்ணீர். அந்தக் குழம்பு பல்லின் அடியில் அடைந்து, அதை முழுவதும் எழவிடாமல் செய்திருந்தது. பிஸ்டன் நுனியில் தொத்திக்கொண்டு நின்றிருக்கிறது.

அன்றிலிருந்து எண்ணெயை ஆண்டுக்கு ஒரு தடவை மாற்றுகிறேன், பயனர் கையேட்டில் சொன்ன அளவுக்கு. காற்றடிப்பது வறண்ட நாளில், வீட்டுக்குள். பல் மாட்டிய பிறகு பிடியைத் தளர்த்தி, கையை எடுக்காமல் ஒரு மூச்சு பொறுத்துப் பார்க்கிறேன். தண்ணீருக்கு வெளியே சுடுவதில்லை. அது சட்டத்துக்காக மட்டும் அன்று; ஈட்டி எங்கே போகும் என்பது ஒருபுறம், தண்ணீரின் தடை இல்லாமல் பிஸ்டன் முகப்பில் மோதும் அடியில் அங்குள்ள அதிர்வுதாங்கி நொறுங்கிவிடும்.

சட்டம் என்றதும்: இங்கே புதிதாக வருகிற நம்மவர்கள் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. 1968ஆம் ஆண்டின் 1639ஆம் இலக்க ஆணைதான் அடிப்படை. சிலிண்டர் கட்டிக்கொண்டு வேட்டையாடக் கூடாது, மூச்சடக்கி மட்டுமே. 16 வயதுக்குக் கீழே கூடாது. சூரியன் மறைந்த பிறகு கூடாது. குளிப்பவர்கள் இருக்கும் கரையிலிருந்து 500 மீட்டருக்குள் கூடாது. சிவப்பில் வெள்ளைச் சாய்கோடு போட்ட கொடியுள்ள மிதவை வேண்டும், அதிலிருந்து 50 மீட்டருக்கு அப்பால் போகக் கூடாது. ஒரு நாளைக்கு 5 கிலோ, களவா என்றால் ஒன்றே ஒன்று. மொந்தெல்லோவுக்குப் பக்கத்தில் அழகான பாறைகள் தெரிகின்றன என்று ஆசைப்படாதீர்கள். காப்போ கால்லோ 2002 முதல் கடற்காப்பகம், அங்கே ஈட்டி வேட்டை தடை.

ரப்பரா காற்றா என்று அத்தான் இன்னும் கேட்கிறார். தெளிந்த நீரில், தூரத்து மீனுக்கு, அவருடைய நீண்ட ரப்பர் துப்பாக்கி குறி தவறாது, சத்தமும் குறைவு. பட்டை அறுந்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். பாறை இடுக்குக்குள், கலங்கிய நீரில், கை நீட்டித் திருப்ப இடமில்லாத குகை வாயில், பேய்க்கணவாயும் சாராகோ என்னும் மீனும் பதுங்கும் இடங்களில், குட்டையான என் துப்பாக்கிக்கு ஈடு இல்லை. ஆனால் திருகாணி பிடிக்கச் சலிப்பவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன். தண்ணீரில் கழிக்கும் இரண்டு மணி நேரத்துக்கு, நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, குமிழி பார்த்துக் கழிக்கும் அரை மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்ற ஞாயிறு தொட்டியில் மூழ்கடித்தபோது விசையின் ஊசியருகே ஒரு குமிழி. பதினொரு விநாடிக்கு ஒன்று, கடுகளவு. நைட்ரைல் ஓ-ரிங் மேசையில் இருக்கிறது. தெற்கிலிருந்து ஷிரோக்கோ காற்று எழுந்து கடல் கலங்கும் என்கிறார்கள். அந்த இரண்டு நாளில் திறந்துவிடுவேன்.